ஒட்டாத நோய்

முதலில் அதைப் பொடுகு என்றுதான் நினைத்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவனுக்குத் தன் தோளைத் தானே பார்த்துக்கொள்ள நாள் முழுக்க வாய்ப்பு உண்டு. ஃபிரேம் போட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருப்பார்கள். கறுப்புச் சட்டை போட்ட நாளில் தோள்பட்டையில் மாவு சிந்தியது போலத் தெரியும். தட்டிவிட்டுக்கொள்வேன். அரை மணியில் மறுபடி சிந்தியிருக்கும். ஷாம்பு மாற்றிப் பார்த்தேன், எண்ணெய் மாற்றிப் பார்த்தேன். அதற்குள் முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்து, மேலே வெள்ளையாகச் செதில் வைத்தது. சொறிந்தால் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்த்தது. மழைக்காலம் முடிவதற்குள் முழங்கால், முதுகு, புறங்கை, விரல் கணுக்கள் என்று பரவிவிட்டது.

கடை பெங்களூர் உல்சூரில். வீடு கோலார் தங்கவயலில். எங்கள் ஊரில் பாதிப் பேரைப் போல நானும் விடியற்காலை பாசஞ்சரில் ஏறி கண்டோன்மெண்ட்டில் இறங்கி, ராத்திரி வீடு திரும்புகிறவன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் எங்களுக்கு எது வந்தாலும் சுரங்க ஆஸ்பத்திரி இருந்தது. மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதே எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரியும். சுரங்கம் மூடிய பிறகு அதெல்லாம் போயிற்று. எங்கள் கடையில் மொத்தம் ஐந்து பேர், அதனால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவரைக் கேட்டேன். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் வரும் என்றார். நான் எங்கே படுத்தேன்? நடமாடிக்கொண்டேதான் உதிர்ந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வேலை பாதி பேச்சில், பாதி கையில். கண்ணாடியை மாட்டிவிட்டு, மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டு வளைவைச் சரிசெய்ய வேண்டும். ஒரு நாள் நாற்பது வயசு மதிக்கத்தக்க அம்மா ஒருவருக்கு அப்படிச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் என் கையைப் பார்த்துவிட்டார். தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தார்.

"கையில என்ன அது? ப்ளீஸ், தொடாதீங்க. வேற யாரையாவது வரச் சொல்லுங்க."

அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் பாய். தமிழும் தக்கினி உருதுவும் கலந்து பேசுவார்.

"பாரு பா, கொஞ்ச நாளு உள்ள மெஷின்ல இரு. அது ஒட்டுமா ஒட்டாதான்னு கஸ்டமருக்குத் தெரியாது. எனக்கும் மாலூம் இல்ல. சம்பளத்துல கை வெக்க மாட்டேன், பர்வா இல்ல."

லென்ஸைத் தேய்த்து ஃபிரேமின் அளவுக்குக் கொண்டுவரும் மெஷின் கடையின் பின்னறையில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. அன்றைக்கு என்னை ஒளித்து வைத்துவிட்டதாகத்தான் நினைத்து அழுதேன். என்னை வேலையிலிருந்து எடுக்காமல் ஒரு இடம் தேடிக் கொடுத்தார் என்பது மனசுக்குப் பட ஒரு வருஷம் ஆயிற்று.

தனியார் தோல் டாக்டரிடம் போனேன். சொரியாசிஸ் என்று பெயர் சொன்னது அவர்தான். எழுதிக்கொடுத்த டியூப் சுண்டுவிரல் நீளம். முதுகு முழுக்கத் தடவினால் இரண்டு நாளில் காலி. ஃபீஸ், டியூப், தனி சோப்பு, தனி ஷாம்பு. மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். ஊசி இருக்கிறது, நன்றாகக் கேட்கும் என்றார். விலையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு செய்ததைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று, பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி கொடுக்கிற ஒருவரிடம் போனேன். ஒரே மாதத்தில் வேரோடு போய்விடும் என்றார். பத்தே நாளில் போய்த்தான் விட்டது. முதுகு பளிச்சென்று ஆனது. தெருவில் நாலு பேருக்குச் சொன்னேன். முகம் உப்பி, கன்னம் பன்னு மாதிரி ஆனபோதுதான் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. பொடியை நிறுத்தினேன். நிறுத்திய மூன்றாவது வாரம், முன்பு இல்லாத இடத்திலெல்லாம் சிவந்து, உடம்பே தீப்பட்டதுபோல ஆகிவிட்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

அடுத்து வந்த குளிர்காலம்தான் மிக மோசம். வீட்டில் நானே எனக்குத் தனித் தட்டு, தனித் துண்டு வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. மனைவிக்குக் கோபம். "நான் இன்னா சொன்னேன் உங்கள? நீங்களே ஏன் ஒதுங்கிக்கினு கீறீங்க?" என்றாள். தினமும் காலையில் நான் கிளம்புவதற்குள் அவள் படுக்கையை மடித்து, என் உடம்பிலிருந்து உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிடுவாள். ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. கறுநீலப் படுக்கை விரிப்பை எடுத்துவிட்டு, வெளுத்த பழைய வேட்டியை விரிப்பாக மாற்றிப் போட்டாள். ஏன் மாற்றினாள் என்று எனக்குப் பல நாள் உறைக்கவே இல்லை. வேட்டியில் செதில் அவ்வளவாகத் தெரியாது.

ரயிலில் எங்களுக்கு ஒரு சீட்டாட்டக் குழு இருந்தது. ஆறு பேர். எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் துண்டை இழுத்து விரித்து, அதன் மேல் ரம்மி. தோற்றவன் பங்காருப்பேட்டையில் டீ வாங்க வேண்டும், அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்காருகிறவன் என்னோடு பள்ளியில் படித்தவன், வொயிட்ஃபீல்டில் எலெக்ட்ரீஷியன். ஒரு நாள் நான் இறக்கிய சீட்டை எடுத்தவன், யாருக்கும் தெரியாமல் பேண்ட்டில் துடைத்தான். எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள், கண் வலிக்கிறது என்று சொல்லி எதிர் ஜன்னலோரம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அந்தப் பக்கத்தில் பெண்கள் கூட்டமாக வருவார்கள். போகிற வழியில் சிலர் கீரை ஆய்வார்கள், சிலர் பூ கட்டுவார்கள். டிசம்பர் வந்தால் அவரைக்காய். ஐம்பது வயசு அக்கா ஒருவர், நீலப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், மடியில் ஒரு பை நிறைய அவரைக்காயை வைத்துக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் கையைச் சட்டைக்குள் இழுத்து வைத்திருந்தேன். அவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பையில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"சும்மா தானே குந்திக்கினு கீறே தம்பி? இத உரி."

நான் கையைக் காட்டினேன். "வேணாங்க்கா. கை சரியில்ல. சாப்புடற பொருளு."

"கைய நான் பாத்துட்டேன். முந்தாநாளே பாத்துட்டேன். சொரியாசிஸ் தானே? தெனம் நூறு கை பாக்கறேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஸ்கின் ஓ.பி.டி.யில அட்டெண்டரு நானு. அது ஒட்டாது. உரி."

நான் எடுக்கவில்லை. அவர் குரலைக் கொஞ்சம் ஏற்றினார். அது எனக்காக இல்லை, எதிரில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்காக. "தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல துன்னா ஒட்டாது, பக்கத்துல படுத்தா ஒட்டாது. ஒட்டற மாதிரி இருந்தா எனக்கு வந்து இருவது வருஷம் ஆயிருக்கும்."

ரயில் டின் ஃபேக்டரியைத் தாண்டும்வரை அவரைக்காய் உரித்தேன். விரல் கணுவில் வெடிப்பு இருந்ததால் எரிந்தது, மெதுவாகத்தான் முடிந்தது. உரித்ததை அவர் தன்னுடையதோடு கலந்து டப்பாவில் போட்டு மூடினார். அன்று ராத்திரி அவர் வீட்டில் அதுதான் குழம்பு என்று தெரியும்.

கண்டோன்மெண்ட்டில் இறங்கும்போது அவர் சொன்னார்: "திங்கக்கெழம எங்கூட வா. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கோ, பி.பி.எல். தானே? ஒரு காலி பாட்டிலும் எடுத்துக்கோ. நல்லா கழுவி, காய வெச்சி."

"பாட்டில் எதுக்குக்கா?"

"மருந்து ஊத்திக் குடுப்பாங்க. டியூப்பா குடுப்பாங்கன்னு பாத்தியா?"

அந்த வாரமே என் நண்பன் ஜன்னலோரம் வந்து நின்றான். "வாடா. நீ இல்லாம ஆட்டமே சரியில்ல" என்றான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் உட்கார்ந்தான். "பயந்துட்டேன்டா. வூட்ல கைக்கொழந்த கீது. இன்னான்னு தெரியாம பயந்துட்டேன். உன்னக் கேட்டிருக்கணும்." போய் உட்கார்ந்தேன். சீட்டைக் கலைத்து என் முன்னால் போட்டார்கள். அன்று நான்தான் தோற்றேன், டீ வாங்கினேன்.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு நான் பயந்ததுபோல இல்லை. கூட்டம் உண்டு, வரிசை நீளம், உட்கார பெஞ்சு போதாது. ஆனால் அந்த வரிசையில் நின்றபோது முதல் முறையாக என்னைப் போன்றவர்களைப் பார்த்தேன். கான்ஸ்டபிள் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார், முழங்கை என்னுடையதைப் போலவே. காலேஜ் பெண் ஒருத்தி தலையில் துப்பட்டா சுற்றியிருந்தாள். உச்சந்தலையில் அவளுக்கும் வெள்ளைச் செதில். ஊரில் எனக்கு மட்டும்தான் என்று இருந்தவன் நான்.

பார்த்த டாக்டர் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த சின்னப் பெண். வடகர்நாடகக் கன்னடம் பேசினார். சட்டையைக் கழற்றச் சொல்லி, கையுறை இல்லாமல் விரலால் என் முதுகை அழுத்தி, தேய்த்துப் பார்த்தார். வீட்டில் இருக்கும் அம்மாவும் மனைவியும் தவிர வேறு யாரும் என் முதுகைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பொடிக் கதையைச் சொன்னேன், திட்டுவார் என்று. திட்டவில்லை. "எல்லாரும் போறாங்க. இனிமே போகாதீங்க" என்றார். பிறகு சொன்ன ஒரு கன்னட வார்த்தை அப்படியே காதில் இருக்கிறது: "ஹெதர்பேடி." பயப்படாதீர்கள்.

"இது மொத்தமா போகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சுகர் மாதிரி, பி.பி. மாதிரி. வரும், அடங்கும், மறுபடி வரும். அடக்கி வெக்கலாம். அதுக்குப் பெரிய பணம் வேணாம், ஒழுங்கா வரணும். அவ்ளோதான்."

வழி எளிமையானது. குளித்து மூன்று நிமிஷத்துக்குள், தண்ணீர் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ திரவ பாரஃபினோ உடம்பு முழுக்கப் பூச வேண்டும். செதில் தடித்த இடத்தில் மட்டும் ஆஸ்பத்திரியில் ஊற்றிக்கொடுக்கும் தார் வாசனை மருந்து. வெந்நீர் கொதிக்கக் கொதிக்கக் கூடாது. சொறியக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் ஒளி சிகிச்சை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பி.பி.எல். கார்டு இருந்ததால் அதற்கும் பேருக்குத்தான் ஏதோ கட்டினேன்.

மூன்று நாள் என்றதும் கடை நினைவுக்கு வந்தது. ஒளி சிகிச்சை அறை திறக்கும் நேரமும் கடை திறக்கும் நேரமும் ஒன்று. பாயிடம் போய்ச் சொன்னேன். மூன்று நாள் தாமதமாக வருகிறவனை எந்தக் கடையில் வைத்திருப்பார்கள்? அவர் ஒரு ஃபிரேமின் திருகை முடுக்கியபடியே கேட்டார்.

"எத்தன மாசம்?"

"மூணு, நாலு மாசம் ஆவும்னு சொல்றாங்க பாய்."

"அது ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாங்க."

"அப்போ போ. ஞாயித்துக்கெழம அரை நாளு வந்து மெஷின் வேலைய முடிச்சிக் குடு. ஹிசாப் சரியாப் போச்சி." அவர் மொழியில் ஹிசாப் என்றால் கணக்கு.

ஒளி சிகிச்சை என்பது ஆள் உயர அலமாரி. உள்பக்கம் நாலு சுவரிலும் ட்யூப்லைட்டுகள். உடுப்பைக் கழற்றி, மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டிக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். கதவைச் சாத்தியதும் மெஷின் உறுமும். முதல் நாள் ஒரு நிமிஷம்கூட இல்லை. இவ்வளவுதானா என்று வெளியே வந்தேன். ஒவ்வொரு தடவையும் சில விநாடி கூட்டுவார்கள். கதவுக்கு வெளியே அக்கா நின்று, "கண்ணாடி இறுக்கமா கீதா? கழட்டக் கூடாது" என்று ஒவ்வொருவரையும் கேட்பார்.

இறுக்கமாக இல்லை. அங்கே இருந்த கண்ணாடிகளில் பாதிக்கு எலாஸ்டிக் தளர்ந்து, கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அது என் தொழில். அக்காவைக் கேட்டு, அவர் பொறுப்பாளரைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை பழுதானதையெல்லாம் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தேன். பாயே எலாஸ்டிக் நாடாவும் மூக்குத் திண்டும் எடுத்துக் கொடுத்தார். பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். திங்கட்கிழமை அதை மாட்டிக்கொண்ட கான்ஸ்டபிள், "இப்பதான் ரெண்டு கையும் ஃப்ரீ" என்றார். வாங்கிக்கொண்டே இருந்த இடத்தில் எதையாவது கொடுக்க முடிந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

எட்டாவது வாரம் முதுகில் சிவப்பு மங்கிப் பழுப்பானது. பன்னிரண்டாவது வாரம் கை கிட்டத்தட்டச் சாதாரணக் கை. மனைவி ஒரு காலை படுக்கையை உதறிவிட்டு, துடைப்பத்தை எடுக்கப் போனவள் எடுக்காமல் திரும்பி வந்தாள். "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள். என் தனித் தட்டை அன்றைக்கே பரணில் போட்டாள்.

அடுத்த குளிரில் மறுபடி வந்தது. டாக்டர் சொல்லியிருந்தும் உடைந்துபோனேன். விரல் மூட்டிலும் வலி இருந்ததால் இந்த முறை மாத்திரை எழுதினார். அதற்கு முன் ரத்தம், ஈரல் எல்லாம் சோதித்தார்கள். குடிக்கிற பழக்கம் உண்டா என்று இரண்டு தடவை கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் அன்று அந்த மாத்திரை இருப்பு இல்லை. வெளியே குறைந்த விலைக்கு ஜெனரிக் மருந்து விற்கும் சின்னக் கடைக்குப் போனேன். பெரிய கடையில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. ஆனால் அங்கே இருந்த இளைஞர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கவே இல்லை.

"எப்போ போடணும், சொல்லுங்க?"

"வாரத்துக்கு ஒரு நாள்னு சொன்னாங்க."

"எந்தக் கெழம?"

"ஞாயிறு."

"திங்கக்கெழம?"

"கெடையாது."

"ஞாயித்துக்கெழம மறந்துட்டு, புதங்கெழம நெனப்பு வந்தா?"

"அன்னிக்கே போட்டுக்கவா?" என்று கேட்டேன். "நீங்களா எதுவும் போட்டுக்கக் கூடாது. டாக்டரக் கேக்கணும். இத தெனம் போட்டா உசுருக்கே ஆபத்து" என்று சொல்லி, கவரின் மேல் தமிழிலும் கன்னடத்திலும் 'ஞாயிறு மட்டும்' என்று பெரிதாக எழுதி வட்டமிட்டார். அதன் பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே கொடுத்த சின்ன மஞ்சள் மாத்திரைக்குத் தனிக் கவர், அதில் வேறு கிழமைகள். வீட்டில் மருந்தை டப்பாவில் எடுத்து வைப்பது மனைவிதான். கவரைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "எழுதலைன்னா தெனம் ஒண்ணுன்னு வெச்சிருப்பேன்" என்றாள். அந்த இளைஞரை அதன் பிறகு பல தடவை பார்த்துவிட்டேன். இப்போதும் ஒவ்வொரு முறையும் கிழமையைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், முழங்கையில் இரண்டு வட்டம் இருக்கிறது, கணுக்காலில் ஒன்று. குளிர் வந்தால் கொஞ்சம் கூடும். ஞாயிறு மாத்திரை, சொன்ன கெடுவில் ரத்தப் பரிசோதனை, குளித்ததும் எண்ணெய். முதுகுக்கு மனைவி பூசுவாள். கை சுத்தமானதும் பாய் என்னை முன்பக்கம் வரச் சொன்னார். நான்தான் மெஷினே போதும் என்றேன். அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. பின்னறைக்கு அவர் ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தார்.

போன மாதம் ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தது. டாக்டருக்கு இதுவரை நான் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கண்டோன்மெண்ட் பக்கத்தில் மைசூர்பாக் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு ஓ.பி.டி.க்குப் போனேன். அவர் நாற்காலியில் வேறு ஒரு டாக்டர். படிப்பு முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார், இரண்டு வாரம் ஆகிறது என்றார்கள். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அக்கா வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கறே? குடு இங்க" என்று பெட்டியை வாங்கி, கயிற்றைப் பல்லால் அறுத்து, வெளியே வரிசையில் இருந்தவர்களிடம் கொண்டுபோனார். ஒவ்வொருவராக எடுத்தார்கள். பெஞ்சின் கடைசியில் இருந்த பெண் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். அக்கா நகரவில்லை. பெட்டியை அவள் முன்னால் நீட்டியபடியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஒரு கையை வெளியே எடுத்தாள்.